கோலியின் கொறட்டை

“சாதி நாய்னா இப்படித்தான் மூச்சு விடும்னு வித்தவரே சொன்னாரு டாக்டர்.”

காரைக்குடியில் என் கிளினிக்குக்கு பக், ஷிட்சு, பிரெஞ்சு புல்டாக் என்று சப்பை மூக்கு நாய்களைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் அடிக்கடி சொல்லும் வரி இது. வந்தது தடுப்பூசிக்காக இருக்கும், உண்ணிக்காக இருக்கும், காது நாற்றத்துக்காக இருக்கும். நாய் மேஜைமேல் நின்று தொண்டையில் ரம்பம் ஓட்டிக்கொண்டிருக்கும். அதைப் பற்றி யாரும் பேச்செடுக்க மாட்டார்கள். நானாகக் கேட்டால்தான் மேலே சொன்ன பதில் வரும்.

வித்தவர் சொன்னதில் பாதி உண்மை. அந்த இனங்களில் நிறைய நாய்கள் அப்படித்தான் மூச்சு விடுகின்றன. நிறையப் பேருக்கு இருக்கிறது என்பதால் நோய் நோயில்லை என்று ஆகிவிடுமா? இன்று வீட்டுக்கு ஒருத்தருக்குச் சர்க்கரை இருக்கிறது. அதற்காக மாத்திரையை நிறுத்திவிட்டோமா?

போன வருடம் சித்திரையில் கானாடுகாத்தானிலிருந்து கோலி வந்தான். ஐந்து வயது பக். கண் இரண்டும் கோலிக்குண்டு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். சிங்கப்பூரில் இருக்கும் மகன், பெரிய வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்குத் துணைக்கென்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனது. எடை 11.4 கிலோ, 8 கிலோவைத் தாண்டக் கூடாத உடம்பு. மதியம் 2 மணிக்கு முற்றத்தில் காக்கையை விரட்டி ஓடியிருக்கிறான். பத்து நிமிஷத்தில் சுருண்டு விழுந்துவிட்டான். நாக்கு, நாவற்பழம் தின்ற பிள்ளையின் நாக்கு மாதிரி இருந்தது. தெர்மாமீட்டர் 106.8 காட்டியது. நாய்க்கு 101இலிருந்து 102.5 ஃபாரன்ஹீட் வரை இருக்கலாம்.

ஆச்சி ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். கிணற்றடியில் போட்டு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, சொட்டச் சொட்டக் காரில் ஏற்றி, ஏசியை முழுசாக வைத்துக் கொண்டுவந்துவிட்டார். அவன் பிழைத்தது என் ஊசியால் என்பதைவிட அந்த வாளியால்தான். முதலில் உடம்பைக் குளிர வைக்க வேண்டும், வண்டியை எடுப்பது அதற்கப்புறம். குழாய்த் தண்ணீரே போதும். நனைத்துவிட்டு மின்விசிறியைப் போடுங்கள். ஈரத் துண்டைச் சுற்றி மூடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் அதுவே கம்பளியாகிச் சூட்டைப் பிடித்துவைக்கும். மூச்சுக்குத் தவிக்கிற வாயில் தண்ணீரைப் புகட்டவும் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும், மீதிச் சூட்டையெல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் இறக்க வேண்டும். மூக்குக்குள் சுருள் சுருளாக ஈரத்திசு இருக்கிறது. காற்று அதன்மேல் ஓடும்போது ஈரம் ஆவியாகி, அடியில் ஓடும் ரத்தம் குளிரும். நம் ராஜபாளையத்துக்கும் சிப்பிப்பாறைக்கும் அந்த நீள மூக்கு வெறும் அழகுக்கு வாய்த்ததில்லை. பக்கின் முகத்தில் இந்த வேலை நடக்க இடமே கிடையாது. சூடு ஏறினால் இளைக்கிறது; இளைக்க இளைக்கத் தொண்டைச் சதை வீங்குகிறது; வீங்கினால் காற்று குறைகிறது; காற்றுக்காகப் படுகிற பாட்டில் இன்னும் சூடு ஏறுகிறது. அக்னி நட்சத்திரத்தில் இந்தச் சுழலுக்குள் போன நாயை வெளியே இழுப்பது கஷ்டம்.

இந்த முகம் தானாக வந்ததல்ல, தலைமுறை தலைமுறையாக மனிதன் தேர்ந்தெடுத்துக் குட்டையாக்கியது. எலும்பு குட்டையானது, உள்ளே இருந்த சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. எட்டுக்கட்டு வளவு வீட்டுச் சாமானையெல்லாம் ஒற்றை அறைக்குள் அடைத்தால் நடக்க வழி இருக்குமா? அதுதான் அந்தத் தொண்டை. மேலண்ணத்தின் பின்பக்கம் தொங்கும் மெத்தென்ற சதையை மென்அண்ணம் என்போம். சாதாரண நாயில் அது குரல்வளை மூடியின் நுனியைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். பக்கில் அது தடித்து, நீண்டு, காற்று போகும் வாசலிலேயே விழுந்து கிடக்கும். நீங்கள் கேட்கிற ‘கர்’ அந்தச் சதை அதிர்கிற சத்தம். போதாததற்கு மூக்குத் துவாரம் பிறை நிலா மாதிரி ஒரு கீற்றாக இருக்கும்.

துவாரம் கொஞ்சம்தானே சின்னது என்று நினைக்க வேண்டாம். குழாயில் சீராக ஓடும் காற்றுக்கு ஒரு கணக்கு உண்டு: ஆரம் பாதியானால் தடை 16 மடங்காகும். நம்ப முடியவில்லையென்றால் ஒரு ஸ்ட்ராவை வாயில் வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிப்படி ஏறிப் பாருங்கள். இந்தக் கணக்கையே திருப்பிப் போட்டால், கொஞ்சம் அகலப்படுத்தினாலும் நிறையக் காற்று வரும். அறுவை சிகிச்சை நிற்பது இதன்மேல்தான்.

சும்மா விட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு மூச்சையும் பலமாக உறிஞ்சி உறிஞ்சி, குரல்வளையின் ஓரத்தில் உள்ள இரண்டு சின்னப் பைகள் வெளியே பிதுங்கி வந்துவிடும். அது முதல் கட்டம். அப்புறம் குரல்வளையின் குருத்தெலும்பே தளர்ந்து உள்பக்கமாக மடியத் தொடங்கும். அந்தக் கட்டத்துக்குப் போன நாய்க்கு மூக்கையும் அண்ணத்தையும் சரிசெய்தாலும் பாதிப் பலன்தான். அதனால்தான் ஒரு வயதுக்குள் ஒருமுறையாவது தொண்டையைப் பார்க்கக் கொடுங்கள் என்று கெஞ்சுகிறேன். கருத்தடை செய்ய எப்படியும் மயக்கம் கொடுக்கப் போகிறோம். அதே மயக்கத்தில் தொண்டையைப் பார்த்து, மூக்குத் துவாரத்தையும் திறந்துவிடலாம்.

வீட்டிலேயே கவனிக்க முடியும். நாய் அமைதியாக, வாய் மூடி உட்கார்ந்திருக்கும்போது மூக்கை உற்றுப் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது மூக்கின் இறக்கை வெளிப்பக்கம் விரிய வேண்டும். உள்பக்கம் ஒட்டினால் அது அடைப்பு. ஒரு பஞ்சு இழையைப் பிரித்துத் துவாரத்துக்கு முன்னால் பிடியுங்கள், இரண்டு பக்கமும் ஆட வேண்டும். தூக்கத்தையும் பாருங்கள். உட்கார்ந்தபடியே தூங்கி வழிகிறதா, வாசல்படியில் மோவாயைத் தூக்கிவைத்துக்கொண்டால்தான் தூக்கம் வருகிறதா, திடீரென்று திடுக்கிட்டு எழுகிறதா? பாதி பேர் இதை “எவ்ளோ அழகாத் தூங்குது பாருங்க” என்று வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். அந்த வீடியோவை எனக்கு அனுப்புங்கள். சாப்பிட்டதும் வெள்ளை நுரையாகக் கக்குவதுகூடப் பல நேரம் வயிற்றுக் கோளாறில்லை. காற்றை இழுக்கும் அதே விசை இரைப்பையையும் மேலே இழுக்கிறது.

நான் கிளினிக் வராந்தாவில் மூன்று நிமிஷம் நாயை விறுவிறுவென்று நடத்திப் பார்ப்பேன். முன்னும் பின்னும் தொண்டையில் ஸ்டெதஸ்கோப். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் வகுத்த முறை இது. 2019இலிருந்து இங்கிலாந்தின் நாய் இனச் சங்கமான கென்னல் கிளப் இதை வைத்து 0 முதல் 3 வரை தரம் பிரிக்கிறது. வெயில் வேளையில் மட்டும் இதை யாரும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

கோலி அன்று பிழைத்தான், ஆனால் உடனே அறுக்கவில்லை. முதல் வேலை எடை. கழுத்துக் கொழுப்பும் காற்று வழியைத்தான் நெரிக்கிறது. என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். காலையில் இட்லி, பத்து மணிக்கு ஒரு மாவுருண்டை, வெள்ளிக்கிழமை கும்மாயம், விசேஷத்துக்குச் சீயம். “ஏங்கி ஏங்கிப் பாக்குறான் தம்பி, எப்படி நான் மட்டும் திங்கிறது?” ஆச்சியோடு சண்டை போட ஐந்து மாதம் ஆனது. சலங்கை கோத்த கழுத்துப் பட்டையைக் கழற்றி, மார்போடு மாட்டும் ஹார்னஸ் வாங்கச் சொன்னேன். ஐப்பசியில், முதல் மழை விழுந்த பிறகு, 9.1 கிலோவில் வந்தான்.

இங்கே என் தப்பு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். படித்து முடித்து வேறொரு ஊரில் வேலை பார்த்த காலம். ஒரு பக்குக்குக் கருத்தடை. அறுவை நன்றாகவே முடிந்தது. கண் திறந்துவிட்டதே என்று மூச்சுக்குழாய் டியூபை உருவிவிட்டேன். இரண்டே நிமிஷம், நாய் ஊதா நிறமாகிவிட்டது. மயக்கத்தில் தளர்ந்திருந்த தொண்டைச் சதை முழுசாக வாசலை அடைத்துவிட்டது. திரும்ப டியூபை நுழைப்பதற்குள் எனக்கு வேர்த்த வேர்வை இன்னும் மறக்கவில்லை. அந்த நாய் பிழைத்தது. அன்றிலிருந்து சப்பை மூக்கு நாய்க்கு என் சட்டம் வேறு: மயக்கத்துக்கு முன் 5 நிமிஷம் முகமூடியில் ஆக்சிஜன், எடைக்குத் தோன்றுவதைவிடச் சின்ன டியூப்களும் கைக்கெட்டும் தூரத்தில், நாய் தலையைத் தூக்கி, டியூபைத் தானே கடித்துத் துப்பப் பார்க்கும்வரை அதில் கை வைப்பதில்லை. உங்கள் நாயை எங்கே காட்டினாலும், டியூபை எப்போது எடுப்பீர்கள் என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் மருத்துவரிடம் கொடுக்க வேண்டாம்.

மூக்குத் துவார வேலை சின்னது. இறக்கையில் ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, மூன்று நான்கு தையலில் வெளிப்பக்கமாக இழுத்துக் கட்டுவோம். ரத்தம் நிறைய வரும். அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். கறுப்பு மூக்கில் ரோஜா நிறக் கோடு தெரியும், சில வாரத்தில் நிறம் திரும்பிவிடும். மென்அண்ணம் அப்படியில்லை. நாயைக் குப்புறப் படுக்க வைத்து, மேல்தாடையை நாடாவால் தூக்கிக் கட்டி, நாக்கை முன்னால் இழுத்துப் பிடித்து, கொஞ்சம் வெட்டுவது, உடனே தைப்பது, மறுபடி கொஞ்சம் வெட்டுவது என்று போகும். குறைவாக வெட்டினால் சத்தம் அப்படியே இருக்கும். அதிகம் வெட்டிவிட்டால் தின்ற சோறு மூக்கில் வரும். கோலியிடமிருந்து எடுத்தது என் சுண்டுவிரல் நுனி அளவுதான். பிதுங்கி நின்ற இரண்டு பைகளும் ஜவ்வரிசி மாதிரி இருந்தன, அவற்றையும் எடுத்தாயிற்று.

அதை என் கிளினிக்கில் செய்யவில்லை. மூக்கு மட்டுமென்றால் இங்கேயே செய்வேன். அண்ணம் என்றால் அன்றிரவு வீங்கலாம், கக்கியது நுரையீரலுக்குப் போகலாம், தொண்டையின் வெளியே துளை போட்டு மூச்சு கொடுக்கும் நிலைகூட வரலாம். அபூர்வமாக இறப்பும் உண்டு. ஆக்சிஜனோடு இரவு முழுக்க ஆள் உட்கார்ந்திருக்கும் இடம் வேண்டும். மதுரையோ திருச்சியோ இங்கிருந்து 90 கிலோமீட்டர்தான். தஞ்சாவூர் பக்கம் ஒரத்தநாட்டிலும் சென்னை வேப்பேரியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. நான் கூடவே போய்க் கையுறை மாட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்.

எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிறவியிலேயே ஒடுங்கிய மூச்சுக்குழாயை அகலப்படுத்த முடியாது. புல்டாக் வகைக்கு அது அதிகம். அறுவை செய்த நாயும் சித்திரை மதியத்தில் முற்றத்தில் ஓடக் கூடாது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில், இருட்டான உள்கட்டில் கிடக்கட்டும்.

அறுவையால் பிறவிக் குணம் மாறாது என்பதையும் சொல்ல வேண்டும். “ஆபரேஷன் ஆயிருச்சுல்ல, இனி சேர்த்துவிடலாமா?” என்று கேட்கிறார்கள். கூடாது. குட்டிக்கும் அதே மூக்குதான் வரும். நெதர்லாந்தில் 2019இல், மூக்கின் நீளம் மண்டையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத நாயை இனப்பெருக்கம் செய்யக் கூடாதென்று வரையறுத்துவிட்டார்கள். தமிழ்நாடு அரசின் நாய் இனப்பெருக்கக் கொள்கையிலும், நம் வெப்பத்துக்கு ஒத்துவராதவை என்று தடுத்திருக்கும் பட்டியலில் பக்கும் பிரெஞ்சு புல்டாக்கும் உண்டு. ஆனாலும் குட்டிகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஹட்ச் செல்போன் கம்பெனி விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஓடிய பக்கைப் பார்த்து 20 வருஷத்துக்கு மேலாகிறது, இன்னமும் இங்கே அதற்கு ‘ஹட்ச் நாய்’ என்றுதான் பெயர்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஆச்சியிடம் சொன்னது: இரண்டு வாரம் குலைக்க விடாதீர்கள், ஓட விடாதீர்கள், கஞ்சி மாதிரிக் கரைத்துக் கொடுக்காதீர்கள். ஈர உணவைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்துக் கையால் ஊட்டுங்கள். உருண்டை என்றதும் ஆச்சி முகம் மலர்ந்தது. மாவுருண்டை இல்லை ஆச்சி என்றேன்.

மூன்றாம் நாள் ராத்திரி 2 மணிக்கு போன். கோலி செத்துவிட்டான் என்றே நினைத்தேன்.

“தம்பி, சத்தமே இல்ல தம்பி.”

“மூச்சு வருதா ஆச்சி?”

“தெரியலயே. அவுக போனதுக்கப்புறம் இந்த வீட்ல இவன் கொறட்டைதான் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அது நின்னதும் எனக்கு முழிப்புத் தட்டிருச்சு.”

விலாவில் மெதுவாகக் கையை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணச் சொன்னேன். தூங்குகிற நாய்க்கு 30க்குள் இருந்தால் கவலையில்லை. போனைக் கீழே வைத்துவிட்டார் போலிருக்கிறது. முற்றத்தில் தூவானம் சொட்டுவது மட்டும் கேட்டது.

“22 தம்பி.”

“நல்லாத் தூங்குறான் ஆச்சி.”

“சரி, நீ வை. உனக்கும் தூக்கம் கெட்டுப் போச்சு.”