மீன் தொட்டிப் பராமரிப்புத் தொழிலுக்கு மானியக் கடன்: எந்தத் திட்டம் யாருக்குப் பொருந்தும்?

வீடுகளிலும் அலுவலகங்களிலும் மீன் தொட்டி அமைத்துக் கொடுத்து, பின்னர் தவறாமல் சென்று அதைப் பராமரிக்கும் தொழிலைத் தொடங்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் மீன்வளத் துறை அலுவலகத்தைத்தான் முதலில் தேடிச் செல்கிறார்கள். மீன் என்றால் மீன்வளத் துறை என்று எண்ணுவது இயல்பே. ஆனால் அரசின் பார்வையில் மீன் வளர்ப்பது வேறு, மீன் தொட்டியைப் பராமரிப்பது வேறு. முன்னது மீன்வளத் தொழில். பின்னது சேவைத் தொழில். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளாமல் விண்ணப்பித்துப் பல மாதங்களை இழந்துவிடக்கூடாது என்பதற்காகவே இந்த விளக்கம்.

2020 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனா என்னும் மத்திய அரசின் மீன்வளத் திட்டத்தில் வண்ண மீன்களுக்குத் தனி இடம் உண்டு. வீட்டுக் கொல்லையில் அமைக்கும் சிறு வளர்ப்பு அலகுக்கு 3 லட்சம் ரூபாய், நடுத்தர அலகுக்கு 8 லட்சம், நன்னீர் வண்ண மீன் இனப்பெருக்கத்தையும் வளர்ப்பையும் சேர்த்துச் செய்யும் ஒருங்கிணைந்த அலகுக்கு 25 லட்சம் என்று அலகுச் செலவு (மானியத்துக்குக் கணக்கில் கொள்ளும் மொத்தச் செலவு) வரையறுக்கப்பட்டுள்ளது. அதில் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு 60 விழுக்காடும் மானியம். மீன் விற்பனையகங்களுக்கான பிரிவில், வண்ண மீன் விற்பனையகமும் 10 லட்சம் ரூபாய் அலகுச் செலவில் அடங்கும். ஆக, மீனை வளர்ப்பவருக்கும் விற்பவருக்கும் இத்திட்டத்தில் வழி இருக்கிறது. பையில் சைபன் குழாயும் ஆய்வுக் கருவியும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்று தண்ணீர் மாற்றிக் கொடுப்பவருக்கு இது பொருந்தாது.

அவருக்கு ஏற்றது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம். சேவைத் தொழில்களுக்கு இதில் 20 லட்சம் ரூபாய் வரை திட்ட மதிப்பீடு அனுமதிக்கப்படுகிறது. விண்ணப்பதாரருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். மதிப்பீடு 5 லட்சத்தைத் தாண்டினால் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியும் தேவை. வருமான வரம்பு இல்லை. ஒரு குடும்பத்தில் ஒருவர் மட்டுமே பயன் பெறலாம். பொதுப் பிரிவினர் திட்ட மதிப்பீட்டில் 10 விழுக்காட்டைத் தாமே போட வேண்டும். அவர்களுக்கு மானியம் நகர்ப்புறத்தில் 15, கிராமப்புறத்தில் 25 விழுக்காடு. சிறப்புப் பிரிவினருக்குச் சொந்தப் பங்கு 5 விழுக்காடுதான். மானியமோ முறையே 25, 35 விழுக்காடு. பெண்கள், பட்டியல் வகுப்பினர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோருடன் இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினரும் இந்தச் சிறப்புப் பிரிவில் வருகிறார்கள். இது பலருக்குத் தெரிவதில்லை. சாதிச் சான்றிதழ் இருந்தும் பொதுப் பிரிவில் விண்ணப்பித்தால் இழப்பு சிறிதன்று.

4 லட்சம் ரூபாய் மதிப்பீட்டை எடுத்துக்கொள்வோம். நகர்ப்புறத்தில் உள்ள பொதுப் பிரிவு ஆண் ஒருவர் 40,000 ரூபாய் போட்டால், வங்கி 3,60,000 தரும். அதில் 60,000 மானியம். அதே தொழிலை ஊராட்சிப் பகுதியில் தொடங்கும் பெண் 20,000 போட்டால் போதும். வங்கி தரும் 3,80,000 ரூபாயில் 1,40,000 மானியம். ஆனால் மானியம் கையில் ரொக்கமாக வராது. அது மூன்றாண்டுகள் வங்கியிலேயே வைப்புத்தொகையாக இருக்கும். அதற்கு வட்டி கிடைக்காது, அதற்கு ஈடான கடன் தொகைக்கு வட்டியும் வாங்கப்படாது. தொழில் நடக்கிறதா என்று நேரில் சரிபார்த்த பிறகே அது கடனில் கழிக்கப்படும்.

இத்திட்டத்தின் மிகக் கண்டிப்பான நிபந்தனை, தொழில் புதியதாக இருக்க வேண்டும் என்பது. ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்கு இந்த மானியம் கிடையாது. ஆகவே ஆர்வ மிகுதியில் தொழிலை முறைப்படி தொடங்கிவிட்டு அதன்பின் விண்ணப்பிப்பது, தகுதியைத் தாமே இழப்பதற்குச் சமம்.

விண்ணப்பம் இணையவழியில், கட்டணமின்றி. மாவட்டத் தொழில் மையம், காதி கிராமத் தொழில் ஆணையம், காதி வாரியம் ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். முழு உழைப்பையும் கேட்பது திட்ட அறிக்கைதான். கண்ணாடித் தொட்டிகள், சிலிக்கான், ஏர் பம்பு, ஃபில்டர், விளக்கு, ஆய்வுக் கருவிகள், இருசக்கர வாகனம் என்று தனித்தனியே விலைப்புள்ளியோடு எழுத வேண்டும். நிலத்தின் விலையைச் சேர்க்கக்கூடாது. அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனம் சேவைத் தொழிலில் மதிப்பீட்டின் 60 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது.

வரவுக் கணக்கில் இத்தொழிலின் இயல்பையும் காட்ட வேண்டும். புதுத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிய அன்றே மீன்களை நிறைத்துவிட முடியாது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் அவசரப்பட்டால் மீன் சாகும், வாடிக்கையாளரும் போய்விடுவார். நிலையான வரவு பராமரிப்பு ஒப்பந்தங்களிலிருந்து மெல்லத்தான் வரும் என்பதை எழுத்தில் காட்டினால், தவணை தொடங்குவதற்கு முன் சில மாதங்கள் அவகாசம் கேட்பதற்கு நியாயம் கிடைக்கும். குறு, சிறு தொழில்களுக்கான 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கி சொத்துப் பிணையம் கேட்கக்கூடாது என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

ஏற்கெனவே தொழில் நடத்துகிறவர்களுக்கும், வாங்கி விற்கும் கடை வைத்திருப்பவர்களுக்கும் முத்ரா கடன் உண்டு. அதில் மானியம் இல்லை, பிணையமும் இல்லை. 50,000 ரூபாய் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண், தருண் கடனை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 20 லட்சம் வரை தருண் பிளஸ் என்பவை அதன் பிரிவுகள். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவாகிய உத்யம் பதிவு ஆதாரைக் கொண்டு செய்வது, முற்றிலும் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இணையதளம் எதுவும் அரசினுடையது அன்று. சேவையில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம்.

கடல்நீர்த் தொட்டி அமைப்பவர்கள் ஒன்றில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். கடற்குதிரையும் பவளப்பாறைகளும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். ஆசிய அரோவானா என்னும் மீனை வளர்ப்பவர்கள், 2024இல் வெளியான விதிகளின்படி அதை இணையவழியில் பதிவு செய்திருக்க வேண்டும்.

மீன்வளத் திட்டமும் வேலைவாய்ப்புத் திட்டமும் 2025-26 நிதியாண்டு வரைக்கும் ஒப்புதல் பெற்றவை. எனவே திட்ட அறிக்கைக்கு உழைக்கும் முன், நடப்பாண்டில் விண்ணப்பம் ஏற்கப்படுகிறதா, விதிமுறை மாறியிருக்கிறதா என்பதை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். கடன் கிடைத்த பிறகு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அட்டை வைத்து, சென்ற தேதி, மாற்றிய தண்ணீரின் அளவு, பெற்ற தொகை ஆகியவற்றை எழுதி வாடிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கி வாருங்கள். கடைமுகப்பு இல்லாத இத்தொழிலில், மூன்றாண்டு கழித்துச் சரிபார்க்க வருபவரிடம் காட்ட அந்த அட்டைகளும் பொருள் வாங்கிய ரசீதுகளுமே சான்று.