ஐடிலில் கரும்புகையா? ஜெட்டில் கை வைக்காதீர்கள்

அடிக்கடி பார்க்கும் அதே கதையோடு இன்னொரு வண்டி. 350 செவ்ரோலே எஞ்சின், மேலே பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் ஹாலி 600 கார்புரேட்டர். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது) கரும்புகை, ஸ்பார்க் பிளக் எல்லாம் கரி. சொந்தக்காரர் 66 எண் மெயின் ஜெட்டைக் (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பித்தளைத் திருகு) கழற்றி, அதைவிடச் சிறிய 62 போட்டிருக்கிறார். புகை நிற்கவில்லை. படிப்படியாக 58 வரை இறங்கிவிட்டார். புகை அப்படியேதான் இருக்கிறது. அதோடு நெடுஞ்சாலையில் மிதித்தால் எஞ்சினுக்குள் தட்டும் நாக்கிங் சத்தமும் சேர்ந்துகொண்டது. கோளாறு ஜெட்டில் இல்லவே இல்லை. பலமாக மிதிக்கும்போது மட்டும் கூடுதல் பெட்ரோல் விடும் பவர் வால்வின் டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்திருந்தது.

மெயின் ஜெட் ஐடிலை ஆள்வதில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்ப மறுக்கிறார்கள். ஐடிலுக்கான பெட்ரோலும் மெயின் ஜெட் வழியாகத்தான் வருகிறது என்பது உண்மை. ஆனால் அதை அளப்பது அதற்குப் பின்னால் உள்ள, பாதி அகலம்கூட இல்லாத இன்னொரு துளை. குடத்தின் வாயைச் சுருக்கினால் அடியில் ஊசித்துளை ஒழுகுவது குறையுமா? ஐடிலில் ரிச்சாக (கலவையில் பெட்ரோல் அதிகமாக) இருந்தால் பார்க்க வேண்டியவை மூன்று: ஃப்ளோட் மட்டம் (கார்புரேட்டரின் பெட்ரோல் கிண்ணமான பவுலில் பெட்ரோல் நிற்கும் உயரம்), பவர் வால்வு, ஐடில் கலவையைச் சரிசெய்யும் ஐடில் ஸ்க்ரூ. எஞ்சின் ஓடும்போது இரண்டு ஐடில் ஸ்க்ரூவையும் மெதுவாக முழுக்க உள்ளே திருகுங்கள். எஞ்சின் அணைந்தால் நல்லது. அணையாமல் ஓடினால் வேறெங்கிருந்தோ பெட்ரோல் வருகிறது: பவர் வால்வு போயிருக்கலாம், அல்லது காற்றுவழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு அதிகம் திறந்திருக்கலாம்.

மிதித்தவுடன் மூச்சுத் திணறி, பிறகு பிக்கப் எடுக்கிறதா? அதுவும் மெயின் ஜெட் வேலை இல்லை, மிதித்ததும் பெட்ரோல் பீய்ச்சும் ஆக்சிலரேட்டர் பம்பின் வேலை. த்ராட்டிலைத் தொட்ட நொடியே பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். முழுக்கத் திறந்த நிலையில் பம்ப் லீவருக்கு 0.015 அங்குலம் இடைவெளி மிச்சம் இருக்க வேண்டும். அதுவும் சரியாக இருந்தால்தான் பீய்ச்சும் முனையை மாற்றிப் பாருங்கள். முனையில் 31 என்றால் துளை 0.031 அங்குலம்.

ஜெட்டைத் தொடும் முன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்), வேக்யூம் கசிவு (வேண்டாத இடத்தில் காற்று உள்ளே புகுவது), பெட்ரோல் அழுத்தம் எல்லாம் பார்த்தாகிவிட வேண்டும். அழுத்தம் 7 பிஎஸ்ஐ தாண்டினால் பவுலுக்குள் பெட்ரோலைத் தடுக்கும் ஊசி வால்வு தாங்காது, பவுல் வழியும். பக்கவாட்டில் திருகு மூடி உள்ள பவுலில், அதைக் கழற்றிப் பார்த்தால், எஞ்சின் ஓடும்போது பெட்ரோல் அந்தத் துளையின் அடி விளிம்பைத் தொட்டு நிற்க வேண்டும். சூடான எஞ்சினில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு சிகரெட் பிடிப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

இப்போது ஜெட்டுக்கு வருவோம். முன்ஜெட்டை (சாதாரண ஓட்டத்துக்கான முன்பக்க மெயின் ஜெட்) தேர்வது சீரான ஓட்டத்தை வைத்து. 60 மைல் வேகத்தில் நிதானமாக ஓட்டிக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகக் குறைத்து வாருங்கள். வண்டி முன்னும் பின்னும் லேசாக இழுக்கத் தொடங்கினால் கலவை லீன் (பெட்ரோல் குறைவு) ஆகிவிட்டது; அங்கிருந்து இரண்டு எண் ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டிய ரிச்சை பவர் வால்வு தரும், அது அதன் வேலை. பின்ஜெட்டை (பலமாக மிதிக்கும்போது சேரும் பின்பக்க ஜெட்) தேர்வது முழு ஆக்சிலரேட்டரில்: புகையை வைத்துக் காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் வைட்பேண்ட் மீட்டரில் 12.5 முதல் 12.8 வரை வந்தால் போதும். ஹாலியின் 4160 வகையில் பின்பக்கம் ஜெட்டே கிடையாது, துளையிட்ட தகடுதான். தகட்டையே மாற்ற வேண்டும். ஜெட்டைத் தேடிப் பின்பவுலைக் கழற்றிவிட்டுத் திகைத்து நிற்பவர்கள் உண்டு.

எண்ணை நம்பி ஏமாறாதீர்கள். ராச்செஸ்டர் என்ற இன்னொரு கார்புரேட்டரின் ஜெட்டில் 72 என்றால் துளை 0.072 அங்குலம். ஹாலியில் 72 என்பது பாய்ச்சல் எண், துளை 0.079. ஹாலி 73-க்கும் அதே 0.079தான்! உள்வாயும் வெளிவாயும் குடையப்பட்ட விதத்தில்தான் வித்தியாசம். ஆகவே ட்ரில் பிட்டால் ஜெட்டைப் பெரிதாக்கும் வேலையை தயவுசெய்து விடுங்கள். புது ஜெட்டின் விலை அற்பம்.

பவர் வால்வை எடுத்துவிட்டு அடைப்பு போட்டு, முன்ஜெட்டை எட்டு எண் ஏற்றச் சொல்லும் அறிவுரை ஒன்று சுற்றுகிறது. ரேஸ் தளத்தில் மட்டும் ஓடும் வண்டிக்கு அது சரி. தெருவில் ஓட்டும் வண்டிக்கு வேண்டாம். ஓட்டம் முழுக்க ரிச்சாகி, சிலிண்டர் சுவரின் எண்ணெய் கழுவிப்போகும். ஆயிலை முகர்ந்து பாருங்கள், பெட்ரோல் வாடை அடித்தால் அதன் விளைவுதான். 1992-க்குப் பின் வந்த ஹாலியில் பேக்ஃபயரில் (கார்புரேட்டர் பக்கம் தீ பின்வாங்கி வெடிப்பது) பவர் வால்வு கிழியாமல் காக்கும் செக் பால் (வழியை அடைக்கும் சிறு குண்டு) உண்டு, பழையவற்றுக்கும் பொருத்திக்கொள்ளலாம்.

உயரம் கூடினால் 2,000 அடிக்கு ஒரு எண் குறையுங்கள். கடலோரத்தில் செட் செய்த கார்புரேட்டரை 5,280 அடி உயர டென்வருக்குக் கொண்டுபோனால் இரண்டு மூன்று எண் இறங்க வேண்டும். திரும்பும்போது மறக்காமல் ஏற்றுங்கள். கீழே லீனாக ஓடினால் பிஸ்டன்தான் பலி. 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலும் லீன் பக்கம் தள்ளும். 1960-களின் ஜெட் அட்டவணைக்கு இது தெரியாது.

ஜெட்டை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். எஞ்சின் ஆறிய பின், பவுலுக்கு அடியில் துணி வைத்து, அகல வாய் ஸ்க்ரூடிரைவரால் கழற்றுங்கள். பித்தளைக் காடி சீக்கிரம் மழுங்கும். மாட்டிய பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கேஸ்கெட் ஓரம் ஈரம் கசிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டே பானட்டை மூடுங்கள்.