இடம் மாறாத விளக்கு: கடலில் கப்பல்கள் மோதாமல் இருப்பது எப்படி?

இரவில் உங்கள் கப்பலின் வலப்பக்கத்தில், தூரத்தில் ஒரு சிவப்பு விளக்கு தெரிகிறது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தாலும் அதே இடத்தில்தான் இருக்கிறது, கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது, அவ்வளவுதான். கடல் பழகாதவர் அதை எங்கோ நிற்கும் கப்பல் என்று நினைத்துத் திரும்பிவிடுவார். ஆனால் வாட்ச்சில், அதாவது கண்காணிப்புப் பணியில், இருக்கும் அதிகாரி அதைப் பார்த்து உடனே சுறுசுறுப்பாகிவிட வேண்டும், ஏனென்றால் அந்தக் கப்பல் உங்கள் மேல் மோதுகிற பாதையில்தான் வந்துகொண்டிருக்கிறது.

ஏன் அப்படி? ஒரே சந்திப்பை நோக்கி இரண்டு சாலைகளில் இரண்டு பேர் சீரான வேகத்தில் நடந்து வருகிறார்கள், இருவரும் ஒரே நொடியில் அங்கே சேரப்போகிறார்கள் என்று வையுங்கள். நடக்க நடக்க அவர்களுக்கு இடையே உள்ள தூரம் குறையும், ஆனால் ஒருவர் மற்றவரைப் பார்க்கும் கோணம் கடைசிவரை மாறவே மாறாது. முக்கோணம் சிறிதாகிறதே தவிர, அதன் வடிவம் அப்படியே இருக்கிறது. ஒருவர் முந்திப் போவதாக இருந்தால் கோணம் ஒரு பக்கமாக நகரத் தொடங்கியிருக்கும். அதனால்தான் திசைகாட்டியில் எதிர்க் கப்பலின் திசைக்கோணத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பது இன்றும் மோதல் அபாயத்தைக் கண்டுபிடிக்கும் அடிப்படை வழி. இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு: 300 மீட்டர் நீளக் கப்பல் அருகில் இருந்தால் கோணம் மாறினாலும் நிம்மதியடையக் கூடாது. நீங்கள் அளந்தது அதன் ஒரு புள்ளியை மட்டும்தான், முட்டப்போவது வேறு முனையாக இருக்கலாம்.

நேரமும் நாம் நினைப்பதைவிடக் குறைவு. 15 நாட், அதாவது மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் இரண்டு கப்பல்கள் எதிரெதிரே வந்தால், 6 கடல் மைல் இடைவெளி 12 நிமிடத்தில் தீர்ந்துவிடும். சரக்கு ஏற்றிய பெரிய கப்பல் ஒன்று எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டினாலும் நிற்பதற்குள் சில கிலோமீட்டர் போய்விடக்கூடும்.

சரி, யார் விலகுவது? இதற்குத்தான் 1972-இல் ஏற்கப்பட்டு 1977 ஜூலை 15 முதல் நடைமுறையில் இருக்கும் சர்வதேச மோதல் தடுப்பு விதிகள். எஞ்சினில் ஓடும் இரண்டு கப்பல்கள் நேருக்கு நேர் வந்தால் இரண்டுமே வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே வந்தால், மற்றதைத் தன் வலப்பக்கத்தில் காண்கிற கப்பல்தான் விலக வேண்டும். கப்பலின் இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை என்பதால், விலக வேண்டியவருக்குத் தெரிவது எதிர்க் கப்பலின் சிவப்பு, மற்றவருக்குத் தெரிவது பச்சை. முந்திப்போகிறவர், எந்தப் பக்கமாகப் போனாலும், விலகிப்போக வேண்டியவர் அவர்தான்.

பலர் இதைச் சாலையில் 'எனக்குத்தான் வழி' என்பதுபோலப் புரிந்துகொள்கிறார்கள், எனக்கு அது ஆபத்தான எண்ணமாகவே படுகிறது. விலகத் தேவையில்லாத கப்பலுக்கு விதி கொடுப்பது சலுகையே இல்லை, அதுவும் ஒரு கடமை: திசையையும் வேகத்தையும் மாற்றாமல் போ, அப்போதுதான் உன்னைச் சுற்றிப்போகிறவர் கணக்குப் போட முடியும். அவர் விலகவில்லை என்று தெரிந்தால் நீ செயல்படலாம். அவர் விலகினாலும் போதாது என்கிற அளவுக்கு நெருங்கிவிட்டால் நீ செயல்பட்டே ஆக வேண்டும். அவர் விலகாததால் நீயாகச் செயல்படும்போதும், இடப்பக்கத்திலிருந்து குறுக்கே வருகிறவருக்காக இடப்பக்கம் திரும்புவதை முடிந்தவரை தவிர்க்கச் சொல்கிறது விதி. அவர் கடைசி நேரத்தில் தன் வலப்பக்கம் திரும்பினால் இரண்டு பேரும் ஒருவரை நோக்கி ஒருவர் திரும்பியதாகிவிடும்.

விலகும்போது சீக்கிரமாகவும் பெரிதாகவும் விலக வேண்டும். இரண்டு டிகிரி, மூன்று டிகிரி என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் எதிர்க் கப்பலின் ரேடாரிலோ கண்ணிலோ அது பிடிபடாது. 1956 ஜூலை 25 இரவு, அமெரிக்காவின் நான்டக்கெட் தீவுக்கு அப்பால் நடந்தது இதற்குக் கசப்பான சாட்சி. மூடுபனியில் ஏறத்தாழ 22 நாட் வேகத்தில் வந்த ஆந்த்ரேயா டோரியா என்ற பயணிகள் கப்பலும் எதிரே வந்த ஸ்டாக்ஹோம் என்ற பயணிகள் கப்பலும் ஒன்றையொன்று ரேடாரில் பார்த்துவிட்டன. முதலாவது, இடைவெளியைக் கூட்டலாம் என்று 4 டிகிரி மட்டும் இடப்பக்கம் திரும்பியது. மற்றது வலப்பக்கம் திரும்பியது. இரண்டும் மோதி 51 பேர் இறந்தார்கள். இன்றைய விதியில், கண்ணுக்குத் தெரியாத மூடுபனியில் 'நீ விலகு, நான் நேராகப் போகிறேன்' என்ற பிரிவே கிடையாது. வேகத்தைக் குறைப்பதும் ஒலி எழுப்புவதும் எல்லோருக்கும் பொறுப்பு.

இடம் மாறாத விளக்குக்குத் திரும்பி வருகிறேன். 2018 நவம்பர் 8 அதிகாலை, நார்வேயின் பெர்கன் நகருக்கு அருகில், ஹெல்கே இங்ஸ்டாட் என்ற போர்க்கப்பல் முன்னே கரையோரம் நிறைய விளக்குகளைப் பார்த்தது. நகராத ஏதோ ஒன்று என்று அதில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது ஸ்டூரே எண்ணெய் முனையத்திலிருந்து அப்போதுதான் கிளம்பிய சோலா டி.எஸ். என்ற டேங்கர். அதன் மேல்தள விளக்குகள் எரிந்துகொண்டிருந்ததால் வழிகாட்டும் விளக்குகளைப் பிரித்தறிவது கடினமாக இருந்தது. டேங்கர் ரேடியோவில் கூப்பிட்டபோதும், பேசுவது எதிரே வரும் வேறொரு கப்பல் என்று போர்க்கப்பலில் இருந்தவர்கள் நினைத்தார்கள். இரண்டும் மோதின. உயிரிழப்பு இல்லை, ஆனால் அந்தப் போர்க்கப்பல் பின்னர் மூழ்கியது. ரேடியோவில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு சம்பவத்தையாவது படிக்க வேண்டும், இருட்டில் யாருடன் பேசுகிறோம் என்பதே சில சமயம் தப்பாகிவிடுகிறது.

அதனால் திசைக்கோணம் மாறுகிறதா என்று சந்தேகம் வந்தால், அபாயம் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது விதி. எதிர்க் கப்பல் என்ன செய்கிறது என்று புரியவில்லையா, குறைந்தது ஐந்து குறுகிய ஊதல்கள் வேகமாகக் கொடுக்க வேண்டும். தேவையானால் வேகத்தைக் குறைக்கலாம், முழுக்க நிறுத்தவும் செய்யலாம், யோசிப்பதற்கு அது நேரம் தரும். அப்புறம், சுக்கானைத் திருப்பியதோடு வேலை முடிவதில்லை. மற்றக் கப்பல் முழுவதும் கடந்து விலகிப் போகும்வரை திரும்பத் திரும்பக் கோணத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.