கழகம்: ‘பெரிய கிளப்’ என்று எதைச் சொல்கிறோம்?

எங்கள் ஊர்ச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் சனிக்கிழமை இரவு ஆரம்பிக்கிற வாக்குவாதம் கடை பூட்டும்வரை ஓயாது. போன கிழமை இங்கிலாந்து உதைபந்தாட்டத்தை வைத்து மான்செஸ்ரர் யுனைரெட் ஆதரவாளரான அண்ணைக்கும் மான்செஸ்ரர் சிற்றி ஆதரவாளரான தம்பிக்கும் வந்தது.

“அண்ணை, நீங்கள் கடைசியா லீக் அடிச்சது 2013. நான் அப்ப ஆறாம் ஆண்டு.”

“கப் அடிச்சாப்போல பெரிய கிளப் ஆகேலாது தம்பி. 2008க்கு முன்னம் உங்கட கிளப்பை இஞ்ச ஆருக்குத் தெரியும்?”

இரண்டு பேரும் சொன்னது உண்மை. யுனைரெட்டின் இருபதாவதும் கடைசியுமான லீக் பட்டம் 2013இல் வந்தது. சிற்றியை அபுதாபிக்காரர் வாங்கியது 2008இல். இரண்டும் உண்மையாக இருந்தும் வழக்கு ஏன் தீரவில்லை என்று வீட்டுக்கு வந்து யோசித்தேன். ‘பெரிய’, ‘கிளப்’ என்ற இரண்டு சொல்லையும் இருவரும் வேறு வேறு பொருளில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் குறிப்பு அந்த இரண்டு சொல்லையும் பற்றியது.

முதலில் ‘கிளப்’. ஆங்கிலத்தில் அதன் பழைய பொருள் தடி, தலைப்பக்கம் பருத்த பொல்லு. வட ஐரோப்பாவின் பழைய நோர்ஸ் மொழியில் ‘கிளுப்பா’ என்று இருந்த சொல் அது. பொல்லின் நுனி திரண்டு நிற்கிற மாதிரி ஆட்கள் திரண்டு நிற்பதற்கும் அதே சொல் வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் நாலைந்து பேர் சேர்ந்து காசு போட்டுச் செலவைப் பங்கிடுவதையும் அந்தச் சொல்லாலேயே சொன்னார்கள். அங்கிருந்துதான் ஒன்றாகக் கூடி, சந்தா கட்டி, பொதுவாக ஒன்றை நடத்துகிறவர்களின் கூட்டத்துக்கு அது பெயரானது. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தில் 1857இல் தொடங்கிய கழகம்தான் இன்றுவரை இருக்கிற உதைபந்தாட்டக் கழகங்களில் மூத்தது. அதுவும் அப்படிக் கூடிக் காசு போட்டவர்களின் வேலைதான்.

சீட்டுக்கட்டிலும் ஆங்கிலேயர் ஒரு இனத்தைக் ‘கிளப்’ என்கிறார்கள். 304 என்ற சீட்டாட்டம் ஆடுகிற நாங்கள் அதைக் ‘கிளாவர்’ என்கிறோம். அது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். தமிழ்நாட்டில் ஒரு காலத்தில் சாப்பாட்டுக் கடைக்கே ‘காப்பி கிளப்’ என்று பெயர் இருந்தது. இப்படிப் போகிற இடமெல்லாம் கிளப்புக்கு வேறு வேறு வேலை.

இந்தச் சொல்லுக்கு யாழ்ப்பாணத்தில் தமிழ் தேடி அலையத் தேவையில்லை. ஊருக்கு ஊர் பலகையில் எழுதியிருக்கிறது: விளையாட்டுக் கழகம். சுருக்கமாக வி.க. குருநகர் பாடும்மீன், ஊரெழு றோயல், நாவாந்துறை சென். மேரிஸ், இளவாலை யங்ஹென்றிசியன்ஸ் என்று முன்பாதி எந்த மொழியில் இருந்தாலும் பின்பாதி கழகம்தான். தமிழ்நாட்டில் ‘கழகம்’ என்றால் முதலில் கட்சிதான் நினைவுக்கு வரும். 1944இல் திராவிடர் கழகமும் 1949இல் திராவிட முன்னேற்றக் கழகமும் வந்தபிறகு அது அப்படி ஆகிவிட்டது. எங்களுக்குக் கழகம் என்றால் ஊர், மைதானம், ஜேர்சி. ‘கால்பந்து’ என்று அவர்கள் சொல்வதை நாங்கள் ‘உதைபந்தாட்டம்’ என்பதுபோல இதுவும் ஒரு வழக்கு வேறுபாடு. ஆனால் இந்தச் சொல்லில் எங்கள் வழக்குத்தான் பழைய பொருளுக்குக் கிட்ட நிற்கிறது.

பழைய பொருள் என்ன? திருக்குறளில் கழகம் சூதாடும் இடம். “பழகிய செல்வமும் பண்பும் கெடுக்கும் கழகத்துக் காலை புகின்” என்று சூது அதிகாரத்தில் வருகிறது. கழகத்திலேயே பொழுதைக் கழித்தால் காசும் போகும், குணமும் போகும். (கைத்தொலைபேசியில் ஆட்டத்துக்குப் பந்தயம் கட்டுகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் குறள் அடிக்கடி ஞாபகம் வருகிறது.) கம்பனிடம் வரும்போது சொல் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது. கோசல நாட்டின் சோலைகளைப் பாடுகையில் அவன் சொல்வது:

“பந்தினை இளையவர் பயில்இடம், மயில்ஊர்
கந்தனை அனையவர் கலைதெரி கழகம்”

இளம்பெண்கள் பந்து பழகும் இடம் ஒன்று. மயிலேறும் முருகனைப் போன்ற இளைஞர் கலை பயிலும் கழகம் இன்னொன்று. பந்தும் கழகமும் ஒரே மூச்சில் வருகிற இந்த இரண்டு வரியை நான் எத்தனை தரம் வாசித்தாலும் அலுப்பதில்லை. பந்து பெண்களிடம் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பெண்பிள்ளைகள் அகில இலங்கை உதைபந்தாட்டக் கிண்ணங்களைத் தூக்கி வந்தபோது புதினமாகப் பார்த்தவர்கள் கம்பனைப் படித்திருக்கலாம்.

மற்போரும் படைக்கலமும் பழகும் இடம் என்றும் பழைய அகராதிகள் கழகத்துக்குப் பொருள் சொல்கின்றன. ஆகக் கழகம் என்பது சும்மா கூடும் கூட்டம் இல்லை. பலர் வந்து கூடி, ஒன்றைத் திரும்பத் திரும்பப் பழகுகிற இடம். பல்கலைக்கழகம் என்ற சொல் அதனால்தான் அவ்வளவு பொருத்தமாக அமைந்தது. ‘கிளப்’ என்பதற்குச் சிலர் சங்கம், மன்றம் என்றும் எழுதுகிறார்கள். சங்கம் வடமொழி வழி வந்தது. எங்கள் பக்கத்தில் அது கூட்டுறவுக்கும் தொழிலாளருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. மன்றத்தில் பேச்சும் நாடகமும் நடக்கும். வியர்வை வருகிற இடத்துக்குக் கழகம்தான்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடம். நாங்கள் ‘கிளப்’ என்ற ஒரு சொல்லால் இரண்டு பொருளைச் சொல்லிவிடுகிறோம். ஒன்று கழகம், மற்றது அணி. அணி என்றால் வரிசை. படை அணிவகுத்து நிற்பது, நகை அணிவது எல்லாம் அந்த வேர். அன்றைக்கு வரிசையில் நிற்கிற பதினொரு பேர்தான் அணி. அணி வெல்லும், தோற்கும், வயது போய்க் கலையும். கழகத்தின் கணக்கு வேறு.

எங்கள் ஊர்க் கழகத்தில் நான் இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். சனசமூக நிலையத்தோடு ஒட்டின ஒரு அறைதான் கழகம். ஒரு கண்ணாடி அலுமாரி, அதற்குள் பித்தளை கறுத்த கிண்ணங்கள், மூலையில் சுருட்டி வைத்த கோல் வலை, கதவுக்குப் பின்னால் பந்துக்குக் காற்றடிக்கிற பம். 1995 ஒக்டோபர் கடைசியில் போரால் வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த இரவில் அலுமாரியை யாரும் தூக்கவில்லை. தூக்கவும் முடியாது. பொருளாளர் மட்டும் சந்தாப் புத்தகத்தை உடுப்புப் பையின் அடியில் வைத்துக்கொண்டு போனார். நீல மட்டை போட்ட நீட்டுக் கொப்பி, மழையில் ஊறி ஓரம் பொருமியிருந்தது. அடுத்த வருஷம் திரும்பி வந்தபோது கிண்ணங்கள் இல்லை. மைதானத்தில் நெஞ்சு உயரத்துக்குப் பற்றை. பதினொரு பேர் சேர ஆட்களும் இல்லை, பாதிப் பேர் வன்னியிலும் கொழும்பிலும் கனடாவிலும். அணி என்று ஒன்று இல்லை. அந்தக் கொப்பியை விரித்துவைத்து, இருக்கிறவர்களிடம் பத்து ரூபாய் சந்தா வாங்கினார்கள். அன்றைக்கும் கழகம் இருந்தது. இன்றைக்கு லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து ஊராக்கள் சேர்ந்து காசு போட்டுத்தான் வலையும் ஜேர்சியும் வருகின்றன. சேர்ந்து காசு போடுவது என்பதுதான் அந்த ஆங்கிலச் சொல்லின் வயிற்றுக்குள்ளும் இருந்தது.

யுனைரெட் அண்ணை சொல்ல நினைத்ததும் இதுதான் என்று எனக்குப் படுகிறது. 1958 பெப்ரவரி 6ஆம் திகதி மியூனிச்சில் விமானம் விபத்துக்குள்ளாகி 23 பேர் இறந்தார்கள். அதில் எட்டுப் பேர் யுனைரெட்டின் வீரர்கள். அணி ஒரே நாளில் போய்விட்டது, கழகம் போகவில்லை. பத்து வருஷம் கழித்து 1968இல் ஐரோப்பியக் கிண்ணத்தை எடுத்தார்கள். இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு லண்டனின் விம்பிள்டன். 1988இல் எஃப்.ஏ. கிண்ணம் வென்ற கழகம் அது. அதை நூறு கிலோமீற்றருக்குக் கிட்டத் தள்ளி இருக்கும் மில்ரன் கீன்ஸ் நகரத்துக்கு மாற்ற 2002இல் அனுமதி கிடைத்தது. அணியும் லீக் இடமும் அங்கே போயின. ஆதரவாளர்கள் போகவில்லை. ஊர்ப் பொதுவெளியில் ஆட்டக்காரரைத் தேர்வு செய்து, ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று லீக் வரிசையின் ஒன்பதாம் படியிலிருந்து திரும்பத் தொடங்கினார்கள். 2011இல் நாலாம் படிக்கு, ஃபுட்போல் லீக்குக்குள் ஏறினார்கள். பழைய கிண்ணங்களும் கடைசியில் பழைய ஊருக்கே திருப்பிக் கொடுக்கப்பட்டன.

எதிர்ப்பக்கத்துக்கு எங்கள் பெயரிலேயே ஒன்று இருக்கிறது. லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெற்றில் ‘ஜப்னா’ அணி 2020, 2021, 2022, 2024 என்று நான்கு தரம் கிண்ணம் வென்றது. நானும் கத்தினேன், சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்த நான்கு வருஷமும் அது யாழ்ப்பாண மண்ணில் ஒரு ஆட்டம் ஆடவில்லை. எங்களில் யாரும் அதற்குச் சந்தா கட்டியதில்லை, பொதுக்கூட்டத்தில் கை உயர்த்தியதில்லை. அது நல்ல அணி. கழகம் என்று சொல்ல வாய் வரவில்லை.

சரி, ‘பெரிய’ என்பதற்கு வருவோம். பெரிய வீடு என்றால் அளவு. பெரியம்மா என்றால் வயது, அம்மாவுக்கு மூத்தவர் என்றுதான் பொருள், ஆள் எவ்வளவு மெலிவாக இருந்தாலும். பெரிய மனுசன் என்றால் மதிப்பு. வாக்குவாதத்தில் ஒவ்வொருவரும் தனக்கு வாய்ப்பான பொருளை எடுத்துக்கொள்கிறார்கள்.

வயதை மட்டும் வைத்துப் பார்த்தால் 1862இல் தொடங்கிய நொற்ஸ் கவுண்டி இன்றைக்கிருக்கும் தொழில்முறைக் கழகங்களில் மூத்தது. யுவென்ரஸ் கறுப்பு வெள்ளைச் சட்டையை 1903இல் வாங்கியதே அதனிடம். ஆனாலும் அதைப் பெரிய கழகம் என்று ஒருவரும் சொல்வதில்லை.

அளவு வலுவான வாதம், அதிலும் ஆட்களின் அளவு. சண்டர்லாண்ட் மூன்றாம் படியில் கிடந்தபோது, 2018 டிசம்பர் 26ஆம் திகதி பிராட்ஃபோட்டோடு நடந்த ஆட்டத்துக்கு 46,039 பேர் வந்தார்கள். கிண்ணம் இல்லை, நட்சத்திரம் இல்லை, மேல் லீக்கும் இல்லை. அந்தக் குளிரில் வந்த அந்தத் தொகை ஒரு அணிக்காக வந்த தொகை என்று நான் நினைக்கவில்லை.

மதிப்புக்குக் குறளே அளவுகோல் தருகிறது: “செயற்கரிய செய்வார் பெரியர்.” நொட்டிங்ஹாம் ஃபொரஸ்ட்டை நினைத்துப் பாருங்கள். 1977இல் மேல் லீக்குக்கு ஏறி, 1978இல் லீக்கை வென்று, 1979இலும் 1980இலும் ஐரோப்பியக் கிண்ணத்தை அடுத்தடுத்துத் தூக்கியது. லீக் பட்டம் ஒன்று, ஐரோப்பியக் கிண்ணம் இரண்டு! செயற்கரிய என்றால் அதுதான். ஆனால் செய்தது பிரையன் கிளஃப் பயிற்றுவித்த அந்த அணி. கழகம் 2005இல் மூன்றாம் படிக்கே இறங்கியது, 2022இல்தான் மேலே திரும்பி வந்தது. கிளாஸ்கோவின் செல்ரிக் இதில் எனக்கு இன்னும் நெருக்கம். ஏழைகளுக்குச் சாப்பாட்டுக்குக் காசு சேர்க்க ஒரு துறவி 1887இல் தொடங்கிய கழகம் அது. 1967இல் ஐரோப்பியக் கிண்ணம் வென்ற அதன் வீரர்கள் எல்லோரும் நகரத்தைச் சுற்றி ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றருக்குள் பிறந்தவர்கள். யாழ்ப்பாணத்தை நடுவில் வைத்தால் பருத்தித்துறையும் கிளிநொச்சிக்குக் கிட்டவும் அதற்குள் அடங்கிவிடும்.

ஆகவே நான் இப்படிப் பிரித்து எழுதச் சொல்வேன். ஆட்டம், வெற்றி, கிண்ணம், இந்தப் பருவம் என்று வந்தால் அணி: “சிற்றி அணி 2023இல் மூன்று கிண்ணம் வென்றது.” ஆட்கள், ஊர், சந்தா, தலைமுறை என்று வந்தால் கழகம்: “பார்சலோனா அங்கத்தவர்களுக்குச் சொந்தமான கழகம்.” ஆதரவாளரையும் அங்கத்தவரையும் ஒன்றாக்க வேண்டாம். எத்தனை பேர் தொலைக்காட்சியில் பார்த்தாலும் அங்கத்தவர் வேறு. ‘பெருங்கழகம்’ என்று சிலர் எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை, மேடைப்பேச்சு மணக்கிறது. ‘பெரிய கழகம்’ போதும். தம்பி சொன்னது “எங்கட அணி இப்ப பெரிசு” என்று. அண்ணை சொன்னது “எங்கட கழகம் பெரிசு” என்று. அடுத்த சனிக்கிழமை இதை இருவரிடமும் சொன்னேன். அண்ணை தலையாட்டினார். தம்பி, சிற்றியும் 1880இல் ஒரு தேவாலயத்து ஆட்கள் தொடங்கியதுதான் என்று எடுத்துச் சொன்னான். அதுவும் சரிதான். அதை இவ்வளவு நாளும் அவனே வாதத்துக்குக் கொண்டுவரவில்லை.

எங்கள் கழகத்துக்கு இந்த வருஷம் வந்த ஜேர்சியில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் ‘எஸ்.சி.’ (ஸ்போர்ட்ஸ் கிளப்) என்று ஆங்கில எழுத்தில் அடித்திருக்கிறார்கள். பழைய ஜேர்சிகளில் ‘வி.க.’ என்றுதான் இருந்தது. அடுத்த தொகுதிக்குத் தமிழில் அடிக்கச் சொல்லி ரொறன்ரோவுக்கு எழுதியிருக்கிறேன்.