கஃப்: கையுறையில் பிறந்து கைவாயில் தங்கிய சொல்

தோல் ஜாக்கெட் முதலில் எங்கே பழசாகும் என்று கேட்டால் பலரும் முழங்கை என்பார்கள். முழங்கையில் சுருக்கம் விழும், உண்மைதான். ஆனால் சாயம் வெளுப்பதும் தையல் விடுவதும் பெரும்பாலும் தொடங்குவது கையின் முனையில், மணிக்கட்டைச் சுற்றி. மேசை விளிம்பு, பையின் வார், கடிகாரம், வியர்வை எல்லாம் வந்து உரசுகிற இடம் அதுதான். ஆங்கிலத்தில் அந்த இடத்துக்குக் ‘கஃப்’ என்று பெயர். நாமும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது, அதற்குத் தமிழில் எது பொருந்தும் என்று தேடப்போய், ஜாக்கெட் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதும் எனக்குத் தெளிவானது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இன்றைய பொருள் எளிது. சட்டை, கோட்டு, ஜாக்கெட் எதுவானாலும் அதன் கை முடிகிற இடத்தில் இருக்கும் விளிம்புப் பகுதி கஃப். அது மடித்துத் தைத்ததாக இருக்கலாம், தனியாக வெட்டி இணைத்த பட்டியாகவும் இருக்கலாம்.

ஆனால் 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குச் சட்டையோடு உறவே இல்லை. அப்போது அதற்குப் பொருள் கையுறை. வில்லியம் லாங்லண்டின் ‘பியர்ஸ் ப்ளௌமன்’ அந்த நூற்றாண்டுக் கவிதை. அதில் வரும் உழவன் பியர்ஸ், ஒட்டுப்போட்ட உடைகளை மாட்டிக்கொண்டு, நகங்களில் குளிர் ஏறாமலிருக்கக் ‘கஃப்’ அணிகிறான். எனக்கு மிகவும் பிடித்த சான்று இது. அழகுக்காகப் பிறந்த சொல் இல்லை. குளிரில் உழைக்கிற கையைக் காக்கப் பிறந்த சொல்.

கையை மூடிய உறையின் பெயர், 16-ஆம் நூற்றாண்டில் மேலேறி, சட்டைக் கையின் முனைக்கு வந்து சேர்ந்தது. கால்சட்டையின் அடிமடிப்புக்கும் அதே பெயரை வைத்தது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில். அதற்கு முந்தைய வேரைத் தேடுபவர்கள், தலையை மூடும் துணியைக் குறித்த ‘குஃபியா’ என்ற இடைக்கால இலத்தீன் சொல்லைக் காட்டுவதுண்டு. அது ஊகமாகவே நிற்கிறது. ஒருவரை அறைவதற்கும் ஆங்கிலத்தில் இதே ஒலியுள்ள சொல் இருக்கிறது. அகராதிகள் அதைத் தனிச் சொல்லாகவே வைத்திருக்கின்றன. இரண்டையும் குழப்ப வேண்டாம்.

மற்ற மொழிகள் இதே இடத்தை வேறு கண்ணோடு பார்த்திருக்கின்றன. ஸ்பானிய மொழியில் இதற்குப் ‘பூனியோ’ என்று பெயர். அந்தச் சொல்லின் முதற்பொருள் கைமுட்டி, அதாவது விரல்களை மடக்கிய கை. பிரெஞ்சில் ‘மான்ஷெட்’ என்பார்கள். சட்டைக் கைக்கு அங்கே ‘மான்ஷ்’. அதன் சின்ன வடிவம் இது. ஒருவர் கையுறையைப் பார்த்தார், இன்னொருவர் முட்டியைப் பார்த்தார், மூன்றாமவர் சட்டைக் கையைப் பார்த்தார். நாம் எதைப் பார்ப்பது?

தமிழுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. உடம்பின் கையும் சட்டையின் கையும் நமக்கு ஒரே சொல்தான். அரைக்கை, முழுக்கை, கை நீளம், கை லூஸ் என்று தைப்பவர்கள் இயல்பாகச் சொல்கிறார்கள். ஆக, புதுச்சொல்லின் முன்பாதி தயாராகவே இருக்கிறது, பின்பாதிதான் சிக்கல்.

‘கைப்பட்டி’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. முழுக்கைச் சட்டைக்கு அது மிகப் பொருத்தம், ஏனென்றால் அங்கே உண்மையிலேயே ஒரு பட்டி இருக்கிறது: இரண்டு அடுக்குத் துணி, உள்ளே விறைப்புக்கு ஒரு தாங்குதுணி, ஓரத்தில் பொத்தான். தோல் ஜாக்கெட்டுக்கு வரும்போது இந்தச் சொல் தடுமாறுகிறது. பல தோல் ஜாக்கெட்டுகளின் கையில் பட்டியே கிடையாது. தோலை உள்ளே மடித்து ஒரு தையல் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். ஜிப் வைத்த கையிலும் பட்டி இல்லை, பிளவுதான் இருக்கிறது. இல்லாத பட்டியின் பெயரை எப்படிச் சொல்வது? ‘மணிக்கட்டுப் பட்டி’ என்றாலும் இதே குறைதான். கூடவே, விளையாட்டு வீரர்கள் மணிக்கட்டில் மாட்டும் பட்டையும் நினைவுக்கு வந்துவிடும்.

‘காப்பு’ என்ற சொல்லிடம் எனக்குக் கொஞ்சம் சபலம் இருந்தது. காவல் என்றும் பொருள், கையில் அணியும் வளையம் என்றும் பொருள். ஒலியும் கஃப்புக்கு அருகில். ஆனால் ஒலி ஒத்திருப்பதை வைத்து உறவு கொண்டாடக் கூடாது. ‘கா’ என்ற நம்முடைய வினையிலிருந்து வந்தது காப்பு. அதற்கும் அந்த ஆங்கிலச் சொல்லுக்கும் தொடர்பு இருப்பதற்குச் சான்று இல்லை. தவிர, ‘கையில் காப்பு’ என்றால் நகைதான் மனதில் வரும்.

நான் முன்வைப்பது ‘கைவாய்’. குடத்துக்கு வாய் உண்டு, பைக்கு வாய் உண்டு, புண்ணுக்கும் வாய் உண்டு. திறப்பையும் வாய் என்போம், விளிம்பையும் வாய் என்போம். கத்தியின் வெட்டும் ஓரத்தை வாய் என்பது பழைய வழக்கு. சட்டைக் கையின் முனை இந்த இரண்டும்தான்: கை வெளியே வருகிற திறப்பு, தேய்மானத்தைத் தாங்குகிற விளிம்பு. பட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஜிப் வைத்தாலும் பட்டன் வைத்தாலும் வாய் வாய்தான். பொதுப்பெயர் கைவாய், சட்டையில் உள்ள வகைக்குக் கைப்பட்டி, மேல்நோக்கித் திருப்பிவிட்ட வகைக்குக் கைமடிப்பு என்று பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது.

எழுத்து பற்றியும் ஒரு சொல். ‘கஃப்’ என்று எழுதும்போது ஆய்தத்தை வேற்றொலிக்காகக் கடன் வாங்குகிறோம். தொல்காப்பியத்தின்படி ஆய்தம் குற்றெழுத்துக்குப் பின்னும், உயிரேறிய வல்லினத்துக்கு முன்னும் வரும்: எஃகு, கஃசு. ‘கஃப்’ வெறும் மெய்யில் முடிவதால் அந்த இலக்கணத்துக்குள் அடங்காது. அதற்காக அப்படி எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சொந்தச் சொல் கையில் இருக்கும்போது அதையும் சொல்லிப் பார்க்கலாமே என்கிறேன்.

சரி, எந்தக் கைவாய் நல்லது?

திறந்த கைவாய்தான் எல்லாவற்றிலும் எளியது. தோலை உள்ளே மடித்துத் தைத்தது. உடையவோ அறுந்து போகவோ வேறு உறுப்பு எதுவும் இல்லை. நெய்த துணியைப் போலத் தோல் நூல் நூலாகப் பிரியாது என்பதால் இது நெடுநாள் வரும். தேய்வது மடிப்பின் முகடு மட்டும்தான்; முதலில் மேற்பூச்சு போகும், அப்புறம் சாயம். வாங்கும்போது உள்ளே விரலை விட்டு மடிப்பின் அகலத்தைத் தொட்டுப் பாருங்கள். மடிப்பு அகலமாக இருந்தால், முகடு தேய்ந்த பிறகு அதைச் சற்று உள்ளே தள்ளி மறுபடியும் தைத்துக்கொள்ளலாம். நூலிழை அகலத்துக்கு மடித்துப் பசை ஒட்டியிருந்தால் அந்த வாய்ப்பு இல்லை. இதன் குறை காற்று. வண்டி ஓட்டும்போது குளிர்காற்று நேராக முழங்கை வரை ஏறும்.

அந்தக் காற்றை அடைக்கத்தான் பின்னல் கைவாய் வந்தது. அமெரிக்க இராணுவ விமானிகளுக்கான ஏ-1 ஜாக்கெட் 1927-இலும், அதன் இடத்துக்கு வந்த ஏ-2 ஜாக்கெட் 1931-இலும் ஏற்கப்பட்டன. இரண்டிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் கம்பளி நூல் பின்னல் இருந்தது. அது இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கி மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளும். சுகத்தில் இதற்கு இணை கிடையாது: தோலின் விறைத்த விளிம்பு சருமத்தில் படாது, கையை நீட்டினாலும் இடைவெளி தெரியாது. ஆனால் ஆயுளில் இதுதான் கடைசி. ஜாக்கெட்டின் தோல் இன்னும் பாதி வயதைக்கூடத் தாண்டியிருக்காது. பின்னலோ தொளதொளத்து, நுனியில் பிரிந்து, கம்பளியாக இருந்தால் பூச்சியும் அரித்து நிற்கும். மாற்ற முடிகிற உறுப்பு என்று தெரிந்தே இதை வாங்க வேண்டும்.

மாற்றும்போதுதான் கவனம் தேவை. இதை அனுபவித்துச் சொல்கிறேன். என் ஜாக்கெட்டின் பின்னலை மாற்றக் கொடுத்தேன். பழைய தையலைப் பிரித்தவர், பழைய துளைகளை விட்டுவிட்டு அவற்றின் பக்கத்திலேயே நெருக்கமாகப் புதுத் தையல் போட்டுவிட்டார். துணியில் ஊசித்துளை நாளடைவில் மூடிக்கொள்ளும், தோலில் மூடாது. அடுத்தடுத்து இரண்டு வரிசைத் துளைகள் விழுந்த இடம் தபால்தலையின் ஓரம் மாதிரி ஆகிவிட்டது. சில மாதங்களில், ஒரு நாள் கையை நுழைக்கும்போது அந்த வரி நெடுக அப்படியே பிய்ந்து வந்தது. அன்றைக்கு நான் பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை. பழைய துளைகளிலேயே ஊசியை விடச் சொல்லுங்கள். முடியாவிட்டால் தையலை எட்ட எட்டப் போடச் சொல்லுங்கள். தோலுக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளியுள்ள தையலே பாதுகாப்பு. நூலும் பாலியெஸ்டராகவோ நைலானாகவோ இருக்கட்டும். பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும்.

ஜிப் கைவாய், வண்டி ஓட்டுபவர்களின் ஜாக்கெட்டுக்கே உரிய அடையாளமாகிவிட்டது. ஜிப் போட்ட ஜாக்கெட்டுகளில் புகழ்பெற்ற பெர்ஃபெக்டோவை அமெரிக்க ஜாக்கெட் தயாரிப்பாளர் இர்விங் ஷாட் 1928-இல் கொண்டுவந்தார். அந்த வழியில் வந்த ஜாக்கெட்டுகளின் கையிலும் ஜிப் இருக்கும். இதன் பயன் இரண்டு. திறந்தால் கையுறையோடு கையை நுழைக்கலாம். மூடினால் மணிக்கட்டை ஒட்டி நின்று காற்றைத் தடுக்கும், கை மேலே ஏறாமலும் பிடிக்கும். நான் முதலில் பார்ப்பது ஜிப்பின் பின்னால் இருக்கும் முக்கோணத் தோல்துண்டைத்தான். அது இருந்தால் ஜிப்பின் பற்கள் சருமத்தில் படாது, இடுக்கு வழியாகக் காற்றும் புகாது. அது இல்லாத ஜிப் பெரும்பாலும் அலங்காரமே. கனமான உலோக ஜிப் உழைக்கும். ஆனால் அதன் கீழ்முனை மேசையிலும் மடிக்கணினியிலும் கீறும் என்பதையும் நினைவில் வையுங்கள். இன்னொன்று: ஜிப் வைத்த கையைக் குட்டையாக்குவது கடினம். ஜிப்பையே பிரித்து ஏற்ற வேண்டும், அல்லது தோள்பக்கத்திலிருந்து குறைக்க வேண்டும். நீளம் சரியில்லை என்றால் இந்த வகையை வாங்காதீர்கள்.

பிரஸ் பட்டன் வைத்த கைவாயில் இரண்டு பட்டன் இருந்தால் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். அது நல்ல வசதி. பட்டன் பிடிக்கும் இடத்தில் தோலுக்கு அடியில் இன்னொரு துண்டு வைத்துத் தைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் ஓட்டை பெரிதாகி, பட்டன் தோலோடு கழன்று வரும்.

அளவு பார்க்க ஸ்பானியர் சொன்ன கைமுட்டியே போதும். கட்டைவிரலை உள்ளே மடக்கி, கைவிரல் முட்டுகளைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். திறந்த கைவாயின் சுற்றளவு இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும். மூடக்கூடிய வகையானால், திறந்த நிலையில் இந்த அளவு. மூடிய நிலையில் மணிக்கட்டுக்கும் தோலுக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும். கடிகாரம் கட்டுபவர்கள் கட்டிக்கொண்டே போட்டுப் பாருங்கள். நீளத்தைக் கையைத் தொங்கவிட்டு மட்டும் பார்க்காமல், வண்டியின் பிடியைப் பிடிப்பதுபோல நீட்டியும் பாருங்கள். புதுத் தோலில் முழங்கைச் சுருக்கம் விழுந்ததும் கை சற்று மேலேறும். எனவே கடையில் மிகச் சரியாகப் பொருந்துகிற கை, பிறகு குட்டையாகத் தெரியலாம்.

இனி ‘கைவாய்’ எங்கே பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். இரத்த அழுத்தம் பார்க்கும்போது மேற்கையில் சுற்றிக் காற்றடிக்கிற கஃப்பை 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி அறிமுகப்படுத்தினார். அது திறப்புமல்ல, விளிம்புமல்ல. சுற்றிக் கட்டுகிற பட்டை. அதற்குக் ‘கைப்பட்டை’ என்பதே சரி. காவலர் பூட்டும் கஃப்புக்கு நம்மிடம் கைவிலங்கு இருக்கிறது. கால்சட்டையில் வருவதைக் கால்மடிப்பு என்றால் போதும். தோல் ஜாக்கெட்டைத் தைக்கக் கொடுக்கும்போது மட்டும், “கைவாய்ல பின்னலை மாத்தணும், பழைய ஓட்டையிலயே தைங்க” என்று சொல்லிப் பாருங்கள்.