பூனையின் இதயத்தில் கட்டி: எக்கோ காட்டுவதும் செல் சொல்வதும்

நாலு கிலோ எடையுள்ள பூனையின் இதயம் 20 கிராமுக்கு மேல் போகாது. பரிசோதனை மேசையில் அது நிமிடத்துக்கு 160 முதல் 220 தடவை துடிக்கும். அந்தச் சின்ன உறுப்பில் கட்டி வருவது ஆயிரம் பூனைகளில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் இதயத் தசை தடிக்கும் நோய் ஏறக்குறைய ஏழு பூனைகளில் ஒன்றுக்கு இருக்கிறது. எக்கோவில், அதாவது இதயத்தின் ஒலியலை ஸ்கேனில், சுவர் தடிப்பாகத் தெரிந்ததும் மருத்துவரின் மனம் இந்த இரண்டாவதற்குத்தான் போகும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். கட்டி கோட்டை விடப்படுவது அதனால்தான்.

பூனைக்கு வரும் இதயக் கட்டிகளில் முதலிடம் லிம்ஃபோமாவுக்கு. நிணநீர்ச் செல்களின் இந்தப் புற்று பெரும்பாலும் உருண்டையாகத் திரள்வதில்லை. தசை நார்களுக்கு இடையே புகுந்து பரவுகிறது. அதனால் படத்தில் 'கட்டி' என்று தனியாக எதுவும் தெரியாது, சுவர் மட்டும் தடித்திருக்கும். பெருந்தமனி தொடங்கும் இடத்தில் வளரும் கீமோடெக்டோமா, ரத்தக்குழாய்ச் செல்களிலிருந்து வரும் ஹேமான்ஜியோசார்கோமா, மடிச்சுரப்பியிலோ நுரையீரலிலோ தொடங்கி இதயத்துக்குப் பரவிய புற்று ஆகியவை இதைவிடவும் அரிது.

வீட்டில் தெரியும் அறிகுறிகள் பொதுவானவை: குதிக்காமல் இருப்பது, ஒளிந்துகொள்வது, சாப்பாடு குறைவது. கணக்கிட்டுப் பார்க்கக்கூடியது மூச்சு ஒன்றுதான். பூனை நன்றாகத் தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் காட்ட வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது. இதயம் தளர்ந்த பூனை நாயைப் போல இருமுவது அபூர்வம் என்பதால், இருமல் இல்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம்.

மூச்சுத் திணறலோடு வந்த பூனையை எக்ஸ்ரேக்காக மல்லாக்கப் போட்டு அழுத்திப் பிடிப்பதுதான் இந்த வேலையில் நடக்கும் ஆகப் பெரிய தவறு. அந்த நிமிடமே உயிர் போகலாம். முதலில் ஆக்சிஜன். பிறகு கிலோவுக்கு 0.2 முதல் 0.3 மி.கி. பூட்டார்ஃபனால் கொடுத்துப் பதற்றத்தைத் தணித்து, உட்கார்ந்த நிலையிலேயே ஸ்கேன் முனையை மார்பில் வைக்க வேண்டும். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் ஏழாவது அல்லது எட்டாவது விலா இடைவெளியில் 21 அல்லது 23 கேஜ் பட்டர்ஃபிளை ஊசியால் எடுக்கலாம். ஒவ்வொரு விலாவின் பின்விளிம்பை ஒட்டியும் ரத்தக்குழாய் ஓடுகிறது. ஆகவே ஊசி அடுத்த விலாவின் முன்விளிம்பை ஒட்டியே இறங்க வேண்டும்.

இதயவுறைக்குள் இருக்கும் நீர் வேறு விஷயம். பூனைகளில் அதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதயத் தளர்ச்சியே. அளவும் கொஞ்சமாக இருப்பதால் எடுக்கத் தேவையிருக்காது. வலது மேலறை உள்நோக்கி மடிந்து விழும் அளவுக்கு அழுத்தம் இருந்தால் மட்டும் உடனே ஊசியால் நீரை எடுக்க வேண்டும். அந்த நிலையில் நீர் பிரியும் மருந்து கொடுத்தால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் இன்னும் குறைந்து பூனை சரிந்துவிடும். உயிருக்கு அவசரம் இல்லையென்றால் முதலில் முழு எக்கோ, பிறகுதான் ஊசி. எக்கோவில் நீர் கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்பின் எதிரே சிறு கட்டியும் துலங்கும். நீரை வெளியேற்றிவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

இனி எக்கோத் திரைக்கு வருவோம். வலது மார்பிலிருந்து குறுக்காகப் பார்க்கும்போது இடது கீழறை வட்டமாகவும் அதன் உட்குழி காளான் வடிவிலும் தெரியும். இதயம் விரியும் கட்டத்தின் முடிவில் சுவரை அளந்தால் 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருப்பது தடிப்பு. தசை நோயாக இருந்தால் தடித்த சுவரும் சுருங்கி விரியும். லிம்ஃபோமா புகுந்த சுவரில் ஓரிடம் மட்டும் மங்கிக் கறுத்து, மற்ற பகுதி சுருங்கும்போது அது மட்டும் அசையாமல் நிற்கும். இந்த அசையாத துண்டைப் பார்க்கத் துடிப்பு துடிப்பாகப் படத்தை மெதுவாக ஓட்ட வேண்டும். ஓடும் படத்தில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இதைவிடவும் நம்பகமான துப்பு இடது மேலறையின் அளவு. தசை நோயால் நீர் கோக்கும் நிலை வந்த பூனையில் மேலறை ஊதிப்போயிருக்கும். பெருந்தமனியின் விட்டத்தோடு ஒப்பிட்டால் விகிதம் 1.5-ஐத் தாண்டியிருக்கும், பல நேரம் 2-ஐ நெருங்கும். சுவர் தடிப்பு, இதயவுறையில் நீர், ஆனால் மேலறை இயல்பான அளவு என்று வந்தால் கணக்கு உதைக்கிறது. அங்கே கட்டியைத் தேட வேண்டும்.

கட்டி போலத் தோன்றும் வேறு பலவும் உண்டு. மேலறையில் உறைந்த ரத்தக்கட்டி அவற்றில் முக்கியமானது. அதற்குள் ரத்த ஓட்டம் இருக்காது, பக்கத்தில் புகைபோல ரத்தம் சுழல்வது தெரியும். பிறவியிலேயே உதரவிதானத்தில் துளை இருந்தால் கல்லீரல் இதயவுறைக்குள் நுழைந்து பெரிய கட்டியாகவே காட்சி தரும். அந்தப் பூனைக்கு அறுவை தேவைப்படலாம், புற்று மருந்து அல்ல. உடலில் நீர் வற்றினாலும் சுவர் பொய்யாகத் தடித்துத் தெரியும். தைராய்டு மிகுதியும் உயர் ரத்த அழுத்தமும் உண்மையாகவே தடிக்க வைக்கும் என்பதால் டி4 என்ற தைராய்டு ஹார்மோனின் அளவும் ரத்த அழுத்தமும் பார்க்காமல் மேலே போகக் கூடாது. இளம் பூனைகளில் ஏதோ ஒரு கடும் அதிர்ச்சிக்குப் பின் சுவர் தடித்துச் சில மாதங்களில் தானே சரியாவதும் உண்டு.

ரத்தத்தில் என்டி-புரோபிஎன்பி, டிரோபோனின் என்ற இதயப் புரதங்கள் இரண்டும் ஏறியிருந்தால் இதயம் சிரமப்படுகிறது என்று அறியலாம். எதனால் என்று அவை சொல்லாது. பெருந்தமனியடிக் கட்டியை எக்கோவில் நுரையீரல் காற்று மறைத்துவிடும். அங்கே சிடி ஸ்கேன் உதவும். அயோடின் மருந்து செலுத்தினால் கட்டி பெரும்பாலும் அதை உள்ளிழுத்து வெளுக்கும், உறைந்த ரத்தம் வெளுக்காது. ஆனால் பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டும், இதயத் துடிப்போடு படத்தை ஒத்திசைக்கவும் வேண்டும். தளர்ந்த இதயத்துக்கு அந்த மயக்கமே ஆபத்து.

பெயரை முடிவு செய்வது செல் மட்டுமே. எடுத்த நீரில் ஒரு பங்கு உறைவதைத் தடுக்கும் ஈடிடிஏ குழாயில், ஒரு பங்கு வெறும் குழாயில் போக வேண்டும். அதோடு கையோடு கண்ணாடித் தகட்டில் பூசி உலர்த்திவிட வேண்டும். நீரிலேயே கிடந்தால் செல்கள் ஊதிச் சிதைந்து, மறுநாள் ஆய்வகத்தில் பார்ப்பவருக்கு எதுவும் மிஞ்சாது. லிம்ஃபோமா செல்கள் நீரில் தாராளமாக உதிரும். சார்கோமாவும் கீமோடெக்டோமாவும் உதிர்வது குறைவு, ஆகவே நீரில் செல் இல்லை என்பதால் கட்டி இல்லை என்றாகாது. எதிர்ப்பக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது: எரிச்சலுற்ற உறைச் செல்கள் பெருத்து, இரட்டைக் கருவோடு, புற்றுச் செல்லைப் போலவே நிற்கும். ஐயம் இருந்தால் அவை ஒரே மூதாதைச் செல்லிலிருந்து பெருகியவையா என்று மரபணுச் சோதனையில் பார்க்கலாம்.

இதயத்தையே ஊசியால் குத்திச் செல் எடுக்க முடியும், எடுத்தும் இருக்கிறார்கள். துடிப்பு தடம் புரள்வதும் ரத்தம் கசிவதும் அதன் விலை. அதற்கு முன் வயிற்று ஸ்கேன் செய்து சிறுநீரகம், குடல், நிணநீர் முடிச்சுகளைப் பார்ப்பது நல்லது. லிம்ஃபோமா பல இடங்களில் இருக்கும் பழக்கமுடையது. தடித்த சிறுநீரகத்தில் மெல்லிய ஊசி போட்டு எடுக்கும் செல்லே இதயத்துக்கும் விடை தந்துவிடலாம். லுகீமியா வைரஸ் சோதனையையும் அப்போதே செய்துவிடலாம்.

மாதிரி எடுக்கும்வரை ஸ்டீராய்டு தரக்கூடாது. பூனை சோர்ந்திருக்கிறது என்று ஒரே ஒரு வேளை பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தாலே லிம்ஃபோமா செல்கள் மடியத் தொடங்கிவிடும். சுவர் மெலியும், பூனை எழுந்து சாப்பிடும், எடுத்த மாதிரியில் சிதைந்த செல்களே கிடக்கும். சில வாரம் கழித்து நோய் திரும்பும்போது மருந்துக்கு வளைந்து கொடுக்காமலும் போகலாம். மாதிரி கைக்கு வந்து லிம்ஃபோமா உறுதியானால் கீமோ தொடங்கி, சில வாரங்களில் அதே கோணத்தில், அதே இடத்தில் சுவரை மறுபடி அளக்க வேண்டும். முதல் எக்கோவின் படத்தையும் மி.மீ. அளவுகளையும் பத்திரமாக வைத்திருந்தால்தான் அந்த ஒப்பீடு சாத்தியம்.