மாசுக்கும் வயது உண்டு: இங்கிலாந்தின் சாக் ஓடைகள்

சாக் என்ற வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறி வரும் சாக் ஓடைகள் உலகத்திலேயே சில நூறுதான் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் தெற்கிலும் கிழக்கிலும் ஓடுகின்றன. டெஸ்ட், இட்சென், கென்னட், லாம்போர்ன் என்று பெயர்கள். தூண்டில் போடுகிறவர்களுக்கு இவை புண்ணியத் தலங்கள். இவற்றைச் சுத்தம் செய்வது ஏன் இவ்வளவு சிக்கலாக இருக்கிறது என்பதற்கான விடை, ஆற்றைவிட அடியில் கிடக்கும் பாறையில்தான் அதிகம் இருக்கிறது.

சாக் என்பது மென்மையான வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. டைனோசர்கள் உலவிய கிரெட்டேசியஸ் காலத்தின் பிற்பகுதியில், கடலில் மிதந்த நுண்பாசிகளின் ஓடுகள் அடியில் படிந்து இறுகி உருவானது. பெய்கிற மழையைக் கடற்பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும். அப்படி உள்ளே போன நீர் மெல்ல வடிகட்டப்பட்டு ஊற்றாக வெளியே வரும்போது, ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 10 டிகிரி வெப்பத்திலேயே இருக்கும். மண் கலக்காத, அடித்தளக் கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிகிற தண்ணீர். அந்தக் கூழாங்கற்களுக்கு இடையில்தான் ட்ரவுட் மீன் முட்டை போடுகிறது.

இங்கே சேருகிற மாசு எல்லாம் ஒரே வேகத்தில் வருவதில்லை, ஒரே வேகத்தில் போவதுமில்லை. அதை மறந்துவிட்டுப் பேசுகிறவர்கள்தான் ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் வேலை முடிந்தது என்கிறார்கள்.

மிக வேகமானது பூச்சிக்கொல்லி. 2013 ஜூலையில் கென்னட் ஆற்றில், மார்ல்பரோ ஊருக்குக் கீழே ஏறக்குறைய 15 கிலோமீட்டருக்குப் பொடி இறால்களும் நீர்ப்பூச்சிகளும் செத்துப்போயின. காரணம் குளோர்பைரிபாஸ். நம் ஊர் விவசாயிகளுக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்தவே வேண்டாம். ஒன்றிரண்டு தேக்கரண்டி அளவு மருந்து சாக்கடை வழியாகக் கழிவுநீர் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து ஆற்றில் கலந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். பூச்சிகளின் நரம்பில் செய்தி கடத்தும் வேதிப்பொருளை உடைக்கிற நொதியை இது முடக்கிவிடும். நரம்பு ஓயாமல் துடித்து உயிர் போகும். மலத்தையும் சோப்பு நுரையையும் கவனித்துக்கொள்ள அமைக்கப்பட்ட நிலையம் இதை எப்படிப் பிடிக்கும்?

இதை முதலில் கண்டுபிடித்தது தன்னார்வலர்கள். ஆற்றில் இறங்கி, மூன்று நிமிடம் காலால் அடித்தளத்தைக் கிளறி, கீழே பிடித்த வலையில் விழுகிற பூச்சிகளை வகைவாரியாக எண்ணுவார்கள். எண்ணிக்கை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் உடனே அதிகாரிகளுக்குத் தகவல் போகும். விலை உயர்ந்த கருவி ஆற்றில் ஒரு கணத்தைத்தான் அளக்கிறது. பூச்சியோ இரவும் பகலும் அங்கேயே கிடக்கிறது.

பாஸ்பரஸ் நிதானமாக வேலை செய்யும். சாக் நீரில் இயல்பிலேயே அது மிகக் குறைவு என்பதால் பாசிக்கு உணவு கிடைக்காது. மனிதக் கழிவும், முன்பு சலவைத் தூளும் அதைக் கொண்டுவந்து கொட்டியதும் கூழாங்கல் மேல் பழுப்பு நிறத்தில் வழவழப்பு படர்கிறது, நீர்த்தாவரங்கள் மூச்சு முட்டுகின்றன. பெரிய நிலையங்களில் இரும்பு உப்பைக் கலந்து பாஸ்பேட்டைக் கரையாத வண்டலாக்கிப் பிரித்துவிடலாம். சிறிய கிராமத்து நிலையங்களுக்கு இது கட்டுப்படியாவதில்லை. நார்ஃபோக்கில் இங்கோல் ஓடைக்கரையில் 2018-இல் வேறு வழி பார்த்தார்கள்: நிலையத்திலிருந்து வெளிவரும் நீரை நாணல் வகைகள் நட்ட ஆழமற்ற குட்டைகள் வழியாக ஊர்ந்து போகவிட்டு, அதன் பிறகே ஓடையில் சேர்த்தார்கள். ஆனால் ஏற்கெனவே படுகை வண்டலில் ஒட்டியிருக்கும் பாஸ்பரஸ், வரத்து நின்ற பிறகும் பல ஆண்டுகள் கசிந்துகொண்டே இருக்கும்.

சாக் பாறைப் பகுதிகளுக்கே உரிய ஒரு விசித்திரமும் உண்டு. மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறி, பழைய சாக்கடைக் குழாய்களின் விரிசல் வழியாக உள்ளே புகுந்துவிடுகிறது. குழாய் நிரம்பி வழிகிறது. மழை நின்று வாரக்கணக்கில் வெயில் அடித்தாலும் கழிவு ஆற்றில் விழுந்துகொண்டே இருக்கும். இதற்குக் கழிவுநீர் நிலையத்தின் தொட்டியைப் பெரிதாக்கினால் மட்டும் தீராது. குழாயின் உட்புறத்தில் ரெசின் உறை போட்டு விரிசலை அடைக்க வேண்டும். செலவு பிடிக்கும், மண்ணுக்கடியில் நடப்பதால் யார் கண்ணிலும் படாத வேலை.

எல்லாவற்றிலும் மந்தமானது நைட்ரேட். வயலில் போட்ட உரத்தின் மிச்சம் மழைநீரோடு சாக் பாறைக்குள் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் இறங்குகிறது. நிலத்தடி நீர்மட்டம் பல பத்து மீட்டர் ஆழத்தில் இருக்கும் மேட்டு நிலங்களில், இன்றைய ஊற்றுநீரில் 1970களிலும் 80களிலும் போட்ட உரம் வருகிறது. போதாக்குறைக்குக் குடிநீருக்காக அதே பாறையிலிருந்து நீரை இறைக்கிறார்கள். ஓட்டம் குறையக் குறைய, கலந்து நீர்க்கவும் வழியில்லை.

டார்செட்டில் ஃப்ரோம், பிடில் ஓடைகள் சேரும் பூல் துறைமுகப் பகுதியில், வெசெக்ஸ் வாட்டர் நிறுவனம் குளிர்காலத்தில் நிலத்தை வெறுமனே விடாமல் மூடுபயிர் போடச் சொல்லி விவசாயிகளுக்குப் பணம் கொடுக்கிறது. மண்ணில் மிஞ்சிய நைட்ரேட்டை, மழை அடித்துப்போவதற்குள் அந்தப் பயிர் உறிஞ்சிவிடும். நைட்ரேட்டைப் பிரிக்க இயந்திரம் வைப்பதைவிட இது மலிவு. மேட்டு நிலத்தில் இன்று விதைத்த மூடுபயிரின் முழுப் பலன் ஊற்றில் தெரிய இன்னும் சில பத்தாண்டுகள் ஆகலாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டணமும் திட்டமும் போடுகிற நீர் நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்தில் அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்பதுதான் இப்போதைய தலைவலி.